"கொடுத்து வைத்தவர்" என்று எழுதிய பிள்ளைகளுக்கு

மழை விட்டு இரண்டு நாளாகிறது. முட்டி வலியும் கொஞ்சம் தேவலை. அதனால் உட்கார்ந்து நீளமாகவே எழுதப் போகிறேன். நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். பாதியிலேயே கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். முப்பத்து நான்கு வருஷம் நோட்டுத் திருத்தியவள் நான், யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். போன வாரம் நம் குழுவில் ஒரு வினாடி வினா சுற்றி வந்தது. உலகப் புகழ்பெற்ற ஒரு வேலைக்காரப் பாத்திரத்துக்கு எந்தக் கிரிக்கெட் வீரரின் பெயர் வைக்கப்பட்டது என்பது கேள்வி. விடையும் கீழேயே இருந்தது: பெர்சி ஜீவ்ஸ். முதல் உலகப் போரில் இறந்துவிட்டார், ஆனால் பெயர் அழியாப் புகழ் பெற்றுவிட்டது என்று ஒரு வரி. அதற்கடியில் நீங்கள் எழுதியதையெல்லாம் பார்த்தேன். "கொடுத்து வைத்தவர்" என்று மூன்று பேர். "செத்தும் வாழ்கிறார்" என்று ஒருவன். "இவனல்லவா வீரன்! நாட்டுக்காக மட்டையை வீசிட்டுப் போனான். இன்னைக்கு ஆடுறவனுங்க காசுக்கு ஆடுறானுங்க" என்று ஒருவன். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி என் சொந்த அக்கா மகன், "அம்பது மேட்ச் ஆடினவருக்கு இதைவிட வேற என்ன சித்தி வேணும்?" என்று என்னையே கூப்பிட்டுக் கேட்டிருந்தான்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். குழுவில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

"டீச்சருக்கு எதுக்கு கிரிக்கெட்?" என்று புதிதாக வந்த மருமக்கள் கேட்கலாம். எங்கள் அப்பா டிரான்சிஸ்டரைத் திண்ணையில் வைத்துக்கொண்டு டெஸ்ட் வர்ணனை கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோரைச் சிலேட்டில் எழுதி வைப்பது என் வேலை. அவர் வயலுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பந்துகூட விட்டிருக்கக் கூடாது. அப்படி வந்த பழக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு பழைய காலத்துக் கிரிக்கெட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு நின்றவள்தான், ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் ஒரு மனிதனைப் பற்றி ஒரு வரி பேசுவதற்கு முன் இரண்டு பக்கமாவது படிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள். நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள்.

முதலில் அந்த வேலைக்காரனைப் பார்த்துவிடுவோம், தெரியாதவர்களுக்காக. பி.ஜி. வுட்ஹவுஸ் என்று ஓர் ஆங்கில எழுத்தாளர். நகைச்சுவைக் கதைகளில் பெரிய ஆள். நம் ஊரிலும் ஆங்கிலம் படித்த ஒரு தலைமுறையே அவர் மேல் பைத்தியமாக இருந்தது. அவருடைய கதைகளில் பெர்ட்டி ஊஸ்டர் என்று ஒரு பணக்கார அசட்டு இளைஞன். அவனுக்குத் துணி எடுத்து வைப்பதிலிருந்து அவன் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு வம்பிலிருந்தும் மீட்பது வரை எல்லாம் செய்யும் பணியாள்தான் ஜீவ்ஸ். முதலாளிக்கு மூளை கிடையாது, பணியாளுக்கு மட்டும்தான் உண்டு. அதுதான் வேடிக்கை. கணினித் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். கூகுள் பரவுவதற்கு முன்னால் 'ஆஸ்க் ஜீவ்ஸ்' என்று ஒரு தேடுதளம், கோட்டு போட்ட பணியாள் படத்தோடு வந்ததே, அதே ஜீவ்ஸ்.

இனி பெர்சி.

1888 மார்ச் 5 அன்று யார்க்ஷயரில் டியூஸ்பரி பக்கத்தில் எர்ல்ஸ்ஹீட்டன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ரயில்வே தொழிலாளி. குடும்பம் பிறகு கூல் என்ற துறைமுக ஊருக்கு மாறியது. பையன் அங்கேதான் ஆட்டம் பழகினான். யார்க்ஷயரில் பிறந்து பந்து வீசத் தெரிந்த எவனுக்கும் ஒரே கனவுதான், அந்தக் கவுண்டிக்கு ஆடுவது. (கவுண்டி என்றால் நம் ரஞ்சி அணிகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பெர்சிக்கும் தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஹாஸ் என்ற மலைப்பக்கத்துச் சிற்றூரில் கிளப்புக்காகச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். 1910-ல் வார்விக்ஷயர் கவுண்டியின் செயலாளர் ஆர்.வி. ரைடர் விடுமுறைக்கு அந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் நடைபயணம் போயிருக்கிறார். போன இடத்தில் உள்ளூர் ஆட்டம் ஒன்றை நின்று பார்த்திருக்கிறார். ஒரு இளைஞன் அலட்டல் இல்லாமல் ஓடி வந்து பந்து போடுவதைக் கண்டார். விடுமுறைக்குப் போன மனிதர் ஒரு பந்து வீச்சாளரோடு ஊர் திரும்பினார் என்றே சொல்லலாம். ஆனால் உடனே ஆட முடியாது. பிறந்த கவுண்டியை விட்டு வேறு கவுண்டிக்கு ஆட வேண்டும் என்றால் இரண்டு வருஷம் அங்கே குடியிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பெர்சி பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்து, கிளப் ஆட்டங்கள் ஆடிக்கொண்டு காத்திருந்தார். 1912-ல் சுற்றுப்பயணம் வந்த ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா அணிகளுக்கு எதிராக ஆட விட்டார்கள். கவுண்டி சாம்பியன்ஷிப்பில் இறங்கியது 1913-ல். அப்போது வயது 25.

அந்த ஒரே பருவத்தில் 106 விக்கெட், 765 ரன். நடுத்தர வேகத்தில் வரும் பந்து, தரையில் பட்டவுடன் விரைந்து எழும். கீழ் வரிசையில் இறங்கி அடித்தும் ஆடுவார். யார்க்ஷயர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே ஆள்.

அந்த 1913 ஆகஸ்டில்தான் செல்ட்டனம் என்ற ஊரில் கிளாஸ்டர்ஷயருக்கும் வார்விக்ஷயருக்கும் ஓர் ஆட்டம். பெற்றோரைப் பார்க்க வந்திருந்த வுட்ஹவுஸ் வேடிக்கை பார்க்கப் போனார். பள்ளிக்கூட நாளில் அவரே நல்ல பந்து வீச்சாளர். பெர்சியின் பந்து வீச்சு அழகு அவர் மனதில் தங்கிவிட்டது. பிறகு ஒரு பணியாளுக்குப் பெயர் தேவைப்பட்டபோது அது மேலே வந்தது. இது ஊகமில்லை. பெர்சியைக் கண்டெடுத்த ரைடரின் மகன் 1967-ல் வுட்ஹவுஸுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஆமாம், அந்தப் பெயர்தான் என்று பதில் வந்தது.

எத்தனை வருஷம் கழித்து என்று கணக்குப் போட்டீர்களா? ஐம்பத்து நான்கு. ஒருவர் கேட்டிருக்காவிட்டால் அதுவும் வெளியே வந்திருக்குமோ என்னவோ. "செத்தும் வாழ்கிறார்" என்று எழுதிய தம்பி, இந்த வாழ்வைத்தான் சொல்கிறாயா?

இப்போது நான் சண்டை பிடிக்கும் இடத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து ஆங்கிலக் கிரிக்கெட்டில் இரண்டு சாதி உண்டு. நான் வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லைப் போடுகிறேன். சம்பளம் வாங்காமல் ஆடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதிக்காரர்கள் 'ஜென்டில்மேன்'. கூலிக்கு ஆடுபவர்கள் 'பிளேயர்'. ஒரே அணியில் இருப்பார்கள், ஒன்றாக ஜெயிப்பார்கள், ஆனால் உடை மாற்றும் அறை வேறு வேறு. பல மைதானங்களில் ஆடுகளத்துக்கு வரும் வாசல்கூட வேறு. தலைவர் பதவி முதல் சாதிக்குத்தான். ஸ்கோர் அட்டையில் ஜென்டில்மேன் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்துகள் வரும், மரியாதையாக. கூலிக்காரனுக்குத் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் போகும், அல்லது வெறும் குடும்பப்பெயர் மட்டும். இந்த வித்தியாசத்தில் எத்தனை கண்ணும் கருத்துமாக இருந்தார்கள் என்பதற்கு ஒரு கதை. 1950 வாக்கில் லார்ட்ஸ் மைதானத்தில் ஃபிரெட் டிட்மஸ் என்ற இளம் வீரரின் தலைப்பெழுத்துகளை அட்டையில் தவறுதலாகப் பெயருக்கு முன்னால் அச்சடித்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து, அந்த எழுத்துகளைப் பின்னால் போட்டுப் படிக்கும்படி சபைக்குச் சொன்னார்களாம். இரண்டு எழுத்து இடம் மாறியதற்கு ஒரு மைதானமே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தப் பிரிவினை 1962-ல்தான் ஒழிந்தது.

பெர்சி 'பிளேயர்'. செல்ட்டனம் மைதானத்தில் அவர் 'ஜீவ்ஸ்'. பர்ட்டி ஊஸ்டர் வீட்டிலும் 'ஜீவ்ஸ்'. ஒரு பணியாளுக்குப் பெயர் தேடிய எழுத்தாளருக்கு அது அத்தனை கச்சிதமாகப் பொருந்தியதில் என்ன ஆச்சரியம்? அழைத்த விதமே அதுதானே. வுட்ஹவுஸை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் ரசித்தார், நினைவில் வைத்தார், கேட்டபோது மறைக்காமல் சொன்னார். கதைப் பணியாளுக்கு முதற்பெயர் ரெஜினால்ட் என்று அவர் வெளியிட்டது 1971 நாவலில்தான். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வாசகர்கள் அந்தப் பாத்திரத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள், முதற்பெயர் தெரியாமலே. முதலாளி பெர்ட்டிக்கும் அதைக் கேட்டதும் திகைப்பு.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த ஆயா ஒருவர் இருந்தார். உங்களில் பாதிப் பேருக்கு அவர் கையால்தான் மத்தியானச் சோறு. அவரோடு பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுப்பார். என் மகள் பிறந்தபோது முதலில் வந்து பார்த்தவர். அவருடைய பெயர் என்ன என்று பிரிவுபசார விழா அழைப்பிதழ் எழுதும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. பக்கத்து ஆசிரியரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. சம்பளப் பட்டியலைப் பார்த்து எழுதினோம். அவர் இறந்து ஆறு வருஷமாகிறது. பெயரை இங்கே போடட்டுமா என்று நேற்று அவர் மகளிடம் கேட்டேன். "வேணாம் டீச்சர், ஃபேஸ்புக்லயெல்லாம் வேணாம்" என்றாள். அதனால் போடவில்லை. இந்த விஷயத்தில் நான் யாருக்கும் வாத்தியார் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

சரி, போருக்கு வருவோம். 1914 ஜூலையில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஜென்டில்மேன் அணிக்கும் பிளேயர் அணிக்கும் ஆட்டம் நடந்தது. வருஷா வருஷம் இந்த இரண்டு சாதியையும் மோதவிட்டுப் பார்ப்பது அங்கே பெரிய திருவிழா. பிளேயர் அணிக்குப் பெர்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் 44 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்தின் முன்னாள் தலைவர் ப்ளம் வார்னர் அந்த ஆட்டத்தில் இவரைப் பார்த்துவிட்டு, சீக்கிரமே நாட்டுக்காக ஆடுவார் என்று சொன்னார். நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒரு கலெக்டர் அப்படிச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்!

சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரை அறிவித்தது. அந்த ஓவல் மைதானத்தையே ராணுவம் எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 27 அன்று 'தி ஸ்போர்ட்ஸ்மேன்' பத்திரிகையில் டபிள்யூ.ஜி. கிரேஸின் கடிதம் வந்தது. கவுண்டி ஆட்டங்களை நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது, உடல் வலுவுள்ளவர்கள் இப்படிப் பகலெல்லாம் ஆடிக்கொண்டிருப்பது பொருத்தமில்லை, கிரிக்கெட் வீரர்கள் முன்னுதாரணமாக நாட்டுக்கு உதவ வர வேண்டும் என்பது அதன் சாரம். கிரேஸுக்கு அப்போது 66 வயது. சம்பளம் வாங்காத ஜென்டில்மேன் என்ற பட்டத்தோடு ஆடியவர், 1873-74 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு மட்டும் 1,500 பவுண்டு வாங்கிக்கொண்டவர். கூடப் போன கூலி வீரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அவர் மாபெரும் ஆட்டக்காரர், அதை மறுக்க நான் யார்? ஆனால் போர்க்களத்துக்குப் போக வயதில்லாத ஒருவர், போகும் வயதுள்ளவர்களுக்குப் பத்திரிகையில் கடிதம் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். எல்லையில் சண்டை வந்தால் நம் குழுவில் முதலில் பொங்குவது யார் என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். எல்லாம் ஐம்பது தாண்டியவர்கள்.

அதே மாதக் கடைசியில் ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் பெண்களைத் திரட்டி, சீருடை போடாத இளைஞர்களுக்கு வெள்ளை இறகு கொடுக்கச் செய்தார். வெள்ளை இறகு என்றால் கோழை என்று அர்த்தம். நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க.

"அவரே விருப்பப்பட்டுப் போனார், யாரும் பிடித்து இழுக்கவில்லை" என்று ஒருவன் எழுதியிருந்தான். சட்டப்படி சரி. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1916 ஜனவரியில்தான் வந்தது. பெர்சி 1914-லேயே சேர்ந்துவிட்டார். அவர் மனசுக்குள் நாட்டுப்பற்று இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, அது அவருக்குரியது. ஆனால் அன்றைய நிலைமையைப் பாருங்கள். வெயில் காலத்தில் ஆடினால்தான் கூலிக்காரனுக்கு வருமானம். ஆட்டம் நின்றுவிட்டது. விளையாட்டின் மிகப் பெரிய மனிதர் பத்திரிகையில் கூப்பிடுகிறார். தெருவில் இறகு கொடுக்கிறார்கள். கூட ஆடியவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒன்றாகச் சேர்கிறார்கள், ஒன்றாகவே இருக்கலாம் என்று அரசும் உறுதி சொல்கிறது. பர்மிங்காமில் அப்படியே மூன்று பட்டாளங்கள் உருவாயின, 'பர்மிங்காம் பால்ஸ்' என்று பெயர். அதில் ஒன்றான ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவின் 15-ஆவது பட்டாளத்தில் பெர்சி சாதாரணச் சிப்பாய். சிநேகிதர்களாகச் சேர்ந்தவர்கள் சிநேகிதர்களாகவே விழுந்தார்கள். ஒரு தெருவுக்கே பல சாவுச் செய்திகள்.

போரும் கிரிக்கெட் மாதிரிதான், ஆட்டத்தை ஆடு என்று அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். கிளிஃப்டன் என்ற பள்ளியில் படித்த ஹென்றி நியூபோல்ட் அதை ஒரு கவிதையாகவே எழுதிப் புகழ் பெற்றார். முதலில் பள்ளி மைதானம், அடுத்து பாலைவனப் போர்க்களம், இரண்டிலும் ஒரே முழக்கம். அதே கிளிஃப்டன் பள்ளியில் 1899-ல் ஆர்தர் காலின்ஸ் என்ற 13 வயதுப் பையன் பள்ளி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 628 ரன் எடுத்தான். நம் ஹஜாரிபாக்கில் பிறந்த பிள்ளை. 2016-ல் மும்பைப் பையன் பிரணவ் தனவாடே 1009 அடிக்கும் வரை அதுதான் உலக சாதனை. காலின்ஸ் பெரியவனாகி ராணுவ அதிகாரியாகி, 1914 நவம்பர் 11 அன்று ஈப்ரில் கொல்லப்பட்டார். புதைத்த இடமும் பின்னால் தொலைந்துபோய், நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது. வாத்தியார்கள் பிள்ளைகளுக்கு என்ன பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று யோசித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நானும் தான்.

1915 செப்டம்பரில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஜீவ்ஸ் என்ற பணியாள் முதன்முதலாகத் தலைகாட்டினான். அந்தக் கதையில் அவனுக்கு இரண்டே இரண்டு வரி வசனம். அது அச்சேறிய வாரத்தில் நிஜ ஜீவ்ஸ் உயிரோடு, துப்பாக்கியோடு, பிரான்சுக்கு அனுப்பப்படக் காத்திருந்தார். அந்த வருஷக் கடைசியில் அனுப்பப்பட்டார்.

1916 ஜூலை 1. சோம் நதிப் போர். முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் ஏறத்தாழ 19,000 பேர் இறந்தார்கள். அன்று இறந்தவர்களில் யார்க்ஷயரின் மேஜர் பூத் ஒருவர். மேஜர் என்பது அவர் பதவி இல்லை, பெற்றோர் வைத்த பெயரே அதுதான். இங்கிலாந்துக்காக இரண்டு டெஸ்ட் ஆடியவர். மூன்று வாரம் கழித்து, ஜூலை 22 இரவு, ஹை வுட் என்ற காட்டுப் பக்கம் நடந்த தாக்குதலில் பெர்சி ஜீவ்ஸ் போனார். வயது 28. உடல் கிடைக்கவில்லை. அந்தக் காடு பிரிட்டிஷ் கைக்கு முழுதாக வந்தது செப்டம்பர் 15 அன்று. நடுவில் எட்டு வாரம், அந்த ஒரு காட்டுக்காக.

ஐம்பது முதல்தரப் போட்டிகள். 1,204 ரன். 199 விக்கெட், சராசரி 20.03. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு அந்த இருபதின் அருமை தெரியும். 199 என்று பார்த்ததும் என் கை தானாகப் பென்சிலைத் தேடியது. ஒரே ஒரு மதிப்பெண்ணில் நின்றுபோன பிள்ளைக்கு எங்காவது அரை மதிப்பெண் கிடைக்குமா என்று விடைத்தாளைப் புரட்டுவோமே, அந்தப் புத்தி.

போர் முடிந்து இங்கிலாந்து மறுபடி டெஸ்ட் ஆடப் போனது 1920 டிசம்பரில், ஆஸ்திரேலியாவில். ஐந்துக்கு ஐந்தும் தோல்வி. பெர்சி இருந்திருந்தால் 32 வயது. பந்து வீச்சாளருக்கு அது ஒன்றும் கிழ வயதில்லை.

அக்கா மகனே, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். "இதைவிட வேற என்ன வேணும்?" என்று கேட்டாய். இன்னும் ஒரு விக்கெட் வேண்டும். ஓவலில் வார்னர் சொன்னது பலிக்க வேண்டும். தலைமுடி கொட்டி, இடுப்பு பிடித்துக்கொண்டு, இனி ஓட முடியாது என்று அவரே முடிவு செய்து ஓய்வு பெற வேண்டும். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பந்து போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, "எங்க காலத்துல" என்று அறுத்துத் தள்ள வேண்டும். வுட்ஹவுஸ் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பேரை ஒரு வேலைக்காரனுக்கு வச்சுட்டான் பாரு" என்று ஒரு நாள் கோபப்படவோ சிரிக்கவோ வேண்டும். இதெல்லாம் உனக்கும் எனக்கும் கிடைக்கிறது. நாம் கேட்காமலே கிடைக்கிறது. அவருக்கு மட்டும் ஒரு கதாபாத்திரத்தின் குடும்பப்பெயர் போதும் என்று நீ எந்தத் தராசில் நிறுத்தாய்?

'பெயர் நிலைத்துவிட்டது' என்கிற ஆறுதலை நான் வெறுக்கிறேன். அது செத்தவனுக்கு எதுவும் தருவதில்லை. நமக்குத்தான் தருகிறது. கணக்கு சரியாகிவிட்டது, போனதற்கு ஈடாக ஒன்று வந்துவிட்டது என்று நோட்டை மூடிவைத்துவிடலாம். அந்த ஈடும் அவருடையது இல்லையே! உலகம் ஞாபகம் வைத்திருப்பது தட்டில் தேநீர் கொண்டுவரும் ஒருவனை. ஓடி வந்து பந்து போட்ட பெர்சியை ஞாபகம் வைத்திருப்பது விஸ்டன் ஆண்டு மலரைப் புரட்டும் சில பேர். அவருக்கும் கிடைக்காத அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்: அந்தப் போரில் மாண்ட முதல்தர வீரர்கள் இருநூறுக்கும் மேல். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் எந்த எழுத்தாளரின் மேஜைக்கும் போகவில்லை! அவர்களை எதைச் சொல்லித் தேற்றுவீர்கள்?

காசுக்கு ஆடுகிறவர்கள் என்று இன்றைய வீரர்களைத் திட்டிய தம்பிக்கு ஒரே வார்த்தை. பெர்சியும் காசுக்குத்தான் ஆடினார். அதனால்தான் அவருக்கு வேறு வாசல்.

ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த என் மாணவன் ஒருவன் குழுவில் இருக்கிறான். அந்த வினாடி வினாவுக்கு அவன் ஒரு படமும் போடவில்லை, ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். வேறு ஏதேதோ பேசிவிட்டு, வைக்கும்போது சொன்னான்: "பாடி கிடைக்கலன்னா அந்த வீட்ல என்ன நடக்கும்னு இவங்களுக்குத் தெரியாது டீச்சர். கதவுச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பாப்பாங்க. வருஷக்கணக்கா." அவனிடம் மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்காகப் பிரான்சில் தியப்வால் என்ற இடத்தில் 1932-ல் ஒரு பிரமாண்டமான நினைவு வளைவு திறந்தார்கள். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். டில்லி இந்தியா கேட்டை வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான், டில்லிக்குச் சுற்றுலா போனவர்கள் அந்தப் பெயர்களையும் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். தியப்வால் சுவர்களில் 72,000-க்கும் அதிகமான பெயர்கள். பெர்சி பெயர் அங்கே இருக்கிறது. கென்ட் கவுண்டிக்கும் இங்கிலாந்துக்கும் ஜென்டில்மேனாக ஆடிய கே.எல். ஹட்சிங்ஸ் பெயரும் அங்கே இருக்கிறது. பெர்சிக்கு ஆறு வாரம் கழித்து அதே சோமில் இறந்தவர். அந்தக் கல்லில் எல்லோருக்கும் ஒரே முறைதான்: குடும்பப்பெயர் முதலில், தலைப்பெழுத்து பின்னால். ஸ்கோர் அட்டையில் காலமெல்லாம் எழுத்துகளை முன்னால் வைத்திருந்த ஹட்சிங்ஸுக்கும் அங்கே பின்னால்தான். இரண்டு சாதியும் ஒரே வாசலில் போய்ச் சேர்ந்த இடம் அது. வேறு எங்காவது, உயிரோடு இருக்கும்போதே சேர்த்திருக்கலாம். பெர்சியின் வார்விக்ஷயரே 1951-ல் டாம் டாலரி என்ற கூலி வீரரைத் தலைவராக வைத்துச் சாம்பியன் பட்டம் வென்றது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அந்த வினாடி வினாவை யாராவது மறுபடி அனுப்புவதாக இருந்தால் விடையை மாற்றிப் போடுங்கள். பெர்சி ஜீவ்ஸ், வார்விக்ஷயர் பந்து வீச்சாளர், 50 போட்டி, 199 விக்கெட், 28 வயதில் சோமில் கொல்லப்பட்டார் என்று போடுங்கள். வேலைக்காரன் கதையை அதற்குக் கீழே வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். வஞ்சிரம் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மீதிச் சண்டையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் நேரில் போட்டுக்கொள்கிறோம். மற்றவர்கள் கீழே எழுதுங்கள், படங்கள் வேண்டாம், வாக்கியமாக எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துவேன்.